அறுநூற்று நாற்பது ஜாதகங்கள்

என் தங்கை வாங்கிய தொழிலை மொத்தமாக ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிவிடலாம். இரண்டு இரும்பு அலமாரிகள், ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தொலைபேசி, அறுநூற்று நாற்பது ஜாதகங்கள். திருவானைக்காவலில், ஜெராக்ஸ் கடை ஒன்றின் மேல்மாடியில் பல வருடங்களாக நடந்துவந்த திருமணத் தகவல் நிலையம் அது.

தங்கை கைலாசபுரம் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருவானைக்காவலில் வாடகைக்கு வீடு எடுத்த கையோடு, ஓய்வூதியப் பணத்தில் பாதிக்கு மேல் இதில் போட்டாள். அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்படிப்பட்டவள் கல்யாணத் தரகு வேலைக்கு வந்ததைப் பற்றி உறவினர்களிடையே கிண்டல் நிறைய. அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். “பாத்திரக்கடைக்காரன் கடையில இருக்கிற எல்லாப் பாத்திரத்துலயுமா சமைக்கிறான்?”

விற்றவர் ஸ்ரீரங்கத்துக்காரர். உத்திர வீதியில் வீடு. அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியவில்லை என்பதால் விற்கிறேன் என்றார். அது உண்மை. அவர் படியேறுவதை நானே பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால்களையும் வைத்துத்தான் ஏறுவார். ஒப்பந்தத்தில் அவர் எழுதிக் கொடுத்த வாசகம் இது: “திருமணம் ஆகாத, தற்போது வரன் தேடிக்கொண்டிருக்கும் 640 நபர்களின் ஜாதகங்கள்.”

கையெழுத்துப் போடும் முன்னால் தங்கை இரண்டு நாள் உட்கார்ந்து அவற்றை எண்ணினாள். அஸ்வினியில் தொடங்கி ரேவதி வரை இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் தனித்தனிக் கட்டு. பதிவேட்டில் உள்ள வரிசை எண்ணும் கட்டில் உள்ள தாளும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கிறதா என்று பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போனாள். அறுநூற்று நாற்பதும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஸ்டோர்ஸில் அப்படித்தான் வேலை. வந்த சரக்கின் எண்ணிக்கை சரியாக இருந்தால் இவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். சரக்கு நல்லதா கெட்டதா என்று பார்ப்பது வேறு பிரிவு. அந்த வேறு பிரிவாக அவள் என்னை வைத்திருந்தாள்.

“நீ பேப்பர்காரன். நாலு பேர்கிட்ட விசாரிச்சுச் சொல்லு அண்ணே,” என்றாள்.

நான் திருச்சியில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன். ஒரு மத்தியானம் முழுக்க அந்த மாடியில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினேன். எனக்கு அது சுவாரஸ்யமாக இருந்தது. முப்பத்திரண்டு வயது முப்பதாகத் திருத்தப்பட்ட இடத்தில் மையின் நிறம் மாறியிருக்கும். ‘சொந்த வீடு’ என்பதை அடித்துவிட்டு ‘சொந்த ஊரில் வீடு’ என்று எழுதியிருப்பார்கள். ஜாதக நகலின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பின்பக்கம் மாமாவின் எண்ணை எழுதியிருப்பார்கள். வெவ்வேறு கட்டுகளிலிருந்து பத்து எண்களை என் நோட்டில் குறித்துக்கொண்டேன், கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று.

மறுநாள் முதல் எண்ணைக் கூப்பிட்டேன். பூராடம் நட்சத்திரப் பெண், எம்.எஸ்ஸி. தாளின் ஓரத்தில் ‘நட்சத்திரத்தால் தாமதம்’ என்று யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள். அப்பா எடுத்தார். “அவளுக்கு ஆயிடுச்சுங்களே. ஒரு வருஷம் ஆகப்போகுது. நீங்க யாரு?”

யார் என்று சொல்வது? மாப்பிள்ளை வீட்டுக்காரன் இல்லை, தரகன் இல்லை, நிருபன் என்று சொன்னால் இன்னும் விபரீதம். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். மீதி ஒன்பது எண்களையும் கூப்பிடவில்லை. ஒரே ஆள் சொன்னதை வைத்துச் செய்தி போடாதே என்பது எங்கள் செய்தி மேசையின் விதி. அந்த விதியைக் கொண்டே அன்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்: ஒரு தாள்தானே, எடுக்க மறந்திருப்பார்கள். தங்கையிடம், “ஃபைலெல்லாம் சுத்தமா இருக்கும்மா,” என்றேன். சுத்தமாகத்தான் இருந்தன.

பணம் கைமாறி மூன்றாவது வாரத்தில் அவள் ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட்டுத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தாள். அஸ்வினிக் கட்டில் இருபத்திரண்டு பேர். பதினாலு பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பரணியிலும் அதே கதை. நான்காவது நட்சத்திரத்தோடு நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தாள். குரலில் பதற்றம் இல்லை. “டெலிவரி எடுத்தது ஸ்க்ராப் அண்ணே,” என்றாள்.

விற்றவர் பணத்தைத் திருப்பித்தர மறுத்தார். எனக்குத் தெரியாது, யாரும் என்னிடம் சொல்லவில்லை என்றார். தங்கை வழக்குப் போட்டாள்: தவறான தகவல் தந்து விற்றதால் விற்பனையை ரத்து செய்து பணத்தைத் திருப்பித்தர வேண்டும்.

கன்டோன்மென்ட்டில் அவளுடைய வக்கீலின் அறையில் முதல் நாளே அவர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். “அவர் எழுதிக் குடுத்தது தப்புன்னு காட்டறது சுலபம் மேடம். ஆனா எதிர்த்தரப்பு வேற வழியில வருவாங்க. வாங்கறவங்க சாதாரணமா விசாரிச்சிருந்தாலே உண்மை தெரிஞ்சிருக்கும்னு காட்டிட்டாங்கன்னா, ரத்து வாங்கறது கஷ்டம். உங்க சார்பா யாராச்சும் விசாரிச்சாங்களா?”

“அண்ணன்தான் வந்து பாத்தாரு,” என்றாள் தங்கை.

வக்கீல் என்னைப் பார்த்தார். “வீடுங்களுக்குப் போன் கீன் பண்ணலையே சார்?”

“ஃபைலப் பார்த்தேன்,” என்றேன்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. முப்பது வருடம் அமைச்சர்களும் அதிகாரிகளும் இப்படிப் பேசுவதைக் கேட்டு, பிரதியில் பென்சிலால் சுழித்திருக்கிறேன். வக்கீல் சுழிக்கவில்லை. அடுத்த தாளைப் புரட்டிவிட்டார். நானும் அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய பாதி வாழ்நாள் சேமிப்பு என் ஒரு தொலைபேசி அழைப்பின் மேல் நிற்கிறது என்று தெரிந்தபிறகு, சொல்வதற்கான நாள் தள்ளிக்கொண்டே போயிற்று.

எத்தனை ஜாதகம் உயிரோடு இருக்கிறது என்பதில் இரு தரப்பும் வெவ்வேறு கணக்குச் சொன்னதால், இருவரும் சம்மதித்து, ஒரு வழக்கறிஞரைக் கமிஷனராக நீதிமன்றம் அனுப்பியது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். இரு தரப்பும் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுக் கேட்டு அறிக்கை தர வேண்டும் என்பது உத்தரவு. கூப்பிடுவது அவர், எழுதுவதற்கு ஆள் வேண்டும் என்றார். என் கையெழுத்து புரியும்படி இருக்கும் என்று தங்கை சொன்னாள். விற்றவரும் தலையாட்டினார். “எழுதட்டும். பத்திரிகைக்காரர், கூட்டிக் குறைச்சு எழுத மாட்டார்,” என்றார். கேலி போலத் தெரியவில்லை.

மூன்று கட்டம் போட்டோம். ஆனது, ஆகாதது, தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அந்த மாடியிலேயே அஸ்வினியிலிருந்து தொடங்கினோம். ஸ்பீக்கரில் போட்ட கைபேசி மேசை நடுவில். அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும்.

“கோர்ட்லேர்ந்து பேசறோம்,” என்று கமிஷனர் தொடங்கியதுமே எதிர்முனையில் பலபேருக்குக் குரல் மாறியது. மணப்பாறைப் பக்கத்து அப்பா ஒருவர் கேள்வி முடிவதற்கு முன்னால் சொன்னார்: “கல்யாணம் முடிஞ்சதும் தர்றதா சொன்ன பணத்தக் குடுத்துடலாம்னுதான் இருந்தோம். மாடிப்படி ஏறி வரத்தான் நேரமில்லாமப் போச்சு.” மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த விற்றவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அந்தத் தொழிலின் பூட்டு திறந்தது. நிலையத்தின் மூலம் வரன் அமைந்தால் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தொகை தர வேண்டும் என்பது ஏற்பாடு. அதைத் தராமல் இருக்க ஒரே வழி, கல்யாணம் ஆனதையே சொல்லாமல் இருப்பது.

வேறு மாதிரியும் வந்தது. “என் பொண்ணுக்குப் பையன் பொறந்து அவன் யூகேஜி படிக்கிறாங்க. வேணும்னா அவனுக்குப் பதிஞ்சு வைங்க,” என்றார் ஓர் அம்மா. இன்னொருவர், “ஆச்சு, அறுந்தும் போச்சு. ஜாதகம் உள்ளயே இருக்கட்டும்,” என்றார். அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கமிஷனர் யோசித்தார். ‘ஆகாதது’ என்று தங்கையே சொன்னாள். அது அவளுடைய வழக்குக்கு எதிரான எண்ணிக்கை. “தேடறாங்கல்ல, அப்ப அதுதானே,” என்றாள்.

மூன்றாவது சனிக்கிழமை, ஆயில்யம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது கமிஷனர் விற்றவரைக் கேட்டார். “ஏன் சார், அப்பப்ப விசாரிச்சு, கல்யாணம் ஆனவங்க ஜாதகத்தையாவது எடுத்து வெளிய வச்சிருக்கலாமே?”

“ஒருதரம் வச்சேன்,” என்றார் அவர். “நிச்சயம் ஆயிடுத்துன்னு யாரோ சொன்னா, எடுத்துட்டேன். அது முறிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணோட அம்மா வந்து கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு, நீங்களே எங்க பொண்ண எடுத்துப் போட்டுட்டேளான்னு கேட்டா. அதுலேர்ந்து, அவா வந்து அவா கையால எடுத்துண்டு போனாத்தான் உண்டு. நான் தொடறதில்லை.”

“ஆனா ஆகாதவங்கன்னு எழுதிக் குடுத்தீங்களே,” என்றாள் தங்கை.

“எடுத்துண்டு போகாதவா எல்லாம் தேடிண்டிருக்கான்னுதானேம்மா அர்த்தம்.”

“எனக்கு இல்ல சார் அப்படி அர்த்தம். நான் காசு குடுத்தவ.”

அவர் காபி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். மகம் கட்டை எடுத்தோம்.

பூராடம் இருபதாவது நட்சத்திரம். ஆறாவது சனிக்கிழமை அதை எட்டுவோம் என்று எனக்குத் தெரியும். அந்த அப்பா என் குரலை நினைவில் வைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், ‘ஏற்கெனவே ஒருத்தர் கேட்டாரே’ என்று சொல்லிவிடலாம். சொல்லாமலும் போகலாம். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறும்போதும், பாலத்தில் காவிரியைக் கடக்கும்போதும் இந்த இரண்டையும் மாற்றிமாற்றி எடைபோட்டுக்கொண்டே வந்தேன். பயத்தோடு ஓர் ஆர்வமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அவர் என்ன சொல்வார் என்று கேட்க விரும்பினேன்.

அவர் எதுவும் சொல்லவில்லை. கமிஷனர் எண்ணை அழுத்தியதும் பதிவுசெய்த பெண்குரல் வந்தது: இந்த எண் உபயோகத்தில் இல்லை. தாளில் வேறு எண் கிடையாது.

“தெரியவில்லை, போட்டுக்கோங்க சார்,” என்று கமிஷனர் அடுத்த தாளை எடுத்தார்.

பேனா மூன்றாவது கட்டத்துக்கு மேல் நின்றது. நான் ஒரு கோடு போட்டால் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது, எப்போதும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றை ‘தெரியவில்லை’ என்று என் கையால் எழுத வேண்டும். வக்கீல் அறையில் நான் வாயால் செய்ததும் அதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். கை நகரவில்லை.

“மேடம், இது முதல் கட்டத்துல வரணும். ஆனது.”

“நம்பரே இல்லையே சார்?”

“நான் பேசியிருக்கேன். கல்யாணம் ஆயிடுச்சுன்னு அவங்கப்பா சொன்னாரு.”

“எப்ப பேசினீங்க?”

“தங்கச்சி பணம் குடுக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடி.”

கமிஷனர் கையில் எடுத்த தாளை மேசைமேல் வைத்தார். “சார், நீங்க சொன்னா நான் இதை ரிப்போர்ட்ல எழுதியாகணும்.”

“எழுதுங்க.”

தங்கை என்னைப் பார்க்கவில்லை. பூராடம் கட்டின் நாடாவை நேராக்கிக்கொண்டிருந்தாள். “ஒரு போன்தான் பண்ணினியா?” என்றாள்.

“ஒண்ணுதான்.”

“ஆயிடுச்சுன்னாங்க.”

“ஆமா.”

“என்கிட்ட சுத்தமா இருக்குன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

அவள் கமிஷனர் பக்கம் திரும்பினாள். “அடுத்தத எடுங்க மேடம். இன்னும் ஏழு நட்சத்திரம் இருக்கு.”

அன்று அந்தக் கட்டை நாங்கள் முடித்தோம். உத்திராடத்தையும் முடித்தோம். நான்தான் எழுதினேன். வேறு யாராவது எழுதட்டும் என்று விற்றவர் சொல்லியிருக்கலாம். தங்கையும் சொல்லியிருக்கலாம். இருவரும் சொல்லவில்லை.

அறிக்கை போனது. முந்நூற்றுத் தொண்ணூற்றேழு பேருக்குத் திருமணம் ஆகியிருந்தது. அதன்கீழ் ஒரு தனிப் பத்தியில், குறித்துவைத்த பத்து எண்களில் நான் கூப்பிட்ட அந்த ஒரே தொலைபேசி அழைப்பு. வக்கீல் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். என்னிடம் கோபப்படவில்லை, வருத்தமாகக் கேட்டார்: “முந்நூத்தித் தொண்ணூத்தாறுன்னு இருந்திருந்தாலும் நாம ஜெயிச்சிருப்போமே சார்?” பிறகு தங்கையிடம், இனி இதை இழுப்பதைவிட சமரச மையத்துக்குப் போவது நல்லது, முழுப்பணமும் வருவது சந்தேகம் என்றார்.

அதற்குள் வேறொன்று நடக்க ஆரம்பித்திருந்தது. அதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் நாங்கள் கூப்பிட்ட வீடுகளிலிருந்து தங்கைக்குப் போன் வந்தது. “அன்னிக்குக் கோர்ட்லேர்ந்து கேட்டீங்களே, அது பெரியவளுக்கு. அடுத்தவ இருக்கா,” என்று ஒருவர். “உங்ககிட்ட இருக்கறது எல்லாம் கோர்ட்டே விசாரிச்சதாமே, நெசமா?” என்று ஒருவர். இணையத்தில் தேடிச் சலித்தவர்களுக்கு, நீதிமன்றம் சரிபார்த்த பட்டியல் ஒன்று திருவானைக்காவலில் இருக்கிறது என்ற செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. எந்தப் பத்திரிகையும் அந்தச் செய்தியைப் போடவில்லை. எந்தப் பாதையில் அது போனது என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சமரச மையத்தில் பேச்சு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தங்கை விற்பனையை ரத்து செய்யக் கேட்கவில்லை. ஆகாதவர்கள் எத்தனை பேரோ அத்தனைக்கு மட்டும் விலை, மீதியைத் திருப்பித்தர வேண்டும் என்றாள். தெரியாதவர்களை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் இழுபறி. கடைசியில் அதைப் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அவள் போட்ட பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அவள் இன்னொரு நிபந்தனையும் வைத்தாள். திருமணமானவர்களின் ஜாதகங்களை அவர்தான் கட்டுகளிலிருந்து எடுத்து, அந்தந்த வீட்டுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.

“தபால் செலவு?” என்றார் அவர்.

“உங்களோடதுதான்,” என்றாள்.

“படியேறணுமேம்மா.”

“நாலு நாள் ஏறுங்க சார். நான் தினமும் ஏறறேன்.”

கையெழுத்து முடிந்து, தங்கை நகல் எடுக்கப் போயிருந்தபோது, நடைபாதை பெஞ்சில் அவரும் நானும் உட்கார்ந்திருந்தோம். இத்தனை மாதம் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “உங்களுக்கு நெசமாவே தெரியாதா?”

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். “சில பேர்கிட்டேர்ந்து கல்யாணப் பத்திரிகை வரும். மஞ்சள் குங்குமத்தோட மேசை மேல கிடக்கும். பாத்தா யாருன்னு தெரியும். எண்ணிப் பாத்ததில்லை. எண்ணினா தெரிஞ்சுடுமேன்னுதான் எண்ணலைன்னு இப்பத் தோணறது.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க ஏன் சார் மீதி ஒன்பது பேரைக் கூப்பிடலை?” என்றார்.

“யாருன்னு சொல்லிக் கேக்கறதுன்னு தெரியல.”

“அதுதான் சிரமம்,” என்றார். அவர் அதை ஒப்புக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்ததா இல்லையா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

தங்கை நகலோடு வந்தாள். அவருடைய பிரதியை அவரிடம் கொடுத்தாள், தன்னுடையதைப் பைக்குள் வைத்தாள். வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. வழக்கமாக இருவரும் சத்திரம் வரை சேர்ந்து போவோம்.

“நீ பஸ்ல போ அண்ணே,” என்றாள். “எனக்குப் பதினொண்ணரைக்கு லால்குடியிலேர்ந்து ஒரு பார்ட்டி வராங்க. ரெண்டு பக்கமும் நானே நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் பேசப்போறேன்.”

நான் கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே ஏறியிருந்த இரண்டு பெண்களை நகரச் சொல்லி அவள் உட்கார்ந்துகொண்டாள்.